மனம் நான் இல்லை என்றால், ‘வேண்டாம்’ என்று சொல்வது யார்?

நம்ம நாட்டில் ஒருத்தரைக் கிண்டல் பண்ண ஓர் ஊர்ப் பெயர் போதும்: தஞ்சோங் ரம்புத்தான். பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் நாலு பசங்க உட்கார்ந்திருக்கும்போது ஒருத்தன் ஏதாவது உளறினால், “இவனை தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்புங்கடா” என்று இன்னொருத்தன் சொல்வான். எல்லாரும் சிரிப்பாங்க. ஈப்போவுக்குப் பக்கத்தில் 1911-இல் திறந்த மனநல மருத்துவமனை அங்கே இருக்கிறது. பிற்காலத்தில் அதற்கு பஹாகியா மருத்துவமனை என்று பெயர் வைத்தார்கள். பஹாகியா என்றால் மகிழ்ச்சி. பெயர் மாறிவிட்டது, கிண்டல் அப்படியே இருக்கிறது.

அந்த மாதிரி இடத்தில் வேலை செய்வதற்காகவே படிக்கணும் என்று எங்கள் வார வகுப்புக்கு வரும் ஒரு தங்கச்சி சொன்னாள். மனநலத் தாதிமை. வீட்டில் ஒரே கலவரம். “நர்ஸ் படி, வேணாங்கல. ஆனா அந்த வார்டு எதுக்கு? நாளைக்கு யாரு கட்டிக்குவா?” இது அம்மா. “அதெல்லாம் அவங்கவங்க கர்மா, நீ ஏன் போய் தலையைக் கொடுக்கிற?” இது பாட்டி.

அம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. பாட்டிக்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம்: கால் உடைந்தவனைப் பார்த்து யாரும் “கர்மா, அப்படியே கிடக்கட்டும்” என்று சொல்வதில்லை, மாவுக்கட்டு போடத்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். 2023-இல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாகத் தெரிந்தது. ஏறக்குறைய 10 லட்சம் பேர். 2019-இல் அது 2.3 விழுக்காடு. இத்தனை பேரின் கர்மாவைக் கணக்குப் போட நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இந்தப் படிப்பு நம்ம ஆட்களுக்குப் புதுசும் இல்லை. 1960, 70-களில் மலேசியாவிலிருந்து நிறையப் பேர் தாதிப் பயிற்சிக்கு பிரிட்டன் போனார்கள். அதில் பலருக்கு இடம் கிடைத்தது மனநோய் மருத்துவமனைகளில்தான். உங்க குடும்பத்திலேயே அப்படிப் போன ஒரு பெரியம்மாவோ மாமாவோ இருக்கலாம், கேட்டுப் பாருங்க. பிரிட்டனில் இன்றைக்கும் மனநலத் தாதிமை தனிப் பட்டப்படிப்பு. நம்ம நாட்டில் முதலில் பொதுத் தாதிமை படிக்கணும், அதற்குப் பிறகுதான் மனநலத்தில் சிறப்புப் பயிற்சி.

இந்தப் படிப்புக்குள்ளே ஒரு கேள்வி இருக்கிறது. நம் சமயம் அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதிலே ஆபத்தாகவும் போகலாம்.

மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்று நாலையும் சேர்த்து அந்தக்கரணம் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். கரணம் என்றால் கருவி. ஆதி சங்கரர் பாடியதாகச் சொல்லும் நிர்வாண ஷட்கம் இந்த நாலும் நான் இல்லை என்றுதான் தொடங்குகிறது. சைவ சித்தாந்தமும் இவற்றை உயிரின் கருவிகளாகத்தான் வைக்கிறது. இதை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு வெளியே வந்ததும் “அவன் பைத்தியம்” என்கிறோம். கண் மங்கினால் கண்ணுக்கு வைத்தியம். மனம் கலங்கினால் மட்டும் ஆளே பைத்தியம். படித்தது உண்மை என்றால் மனநோயாளி முழுசாக ஒரு மனிதர், அவருடைய கருவி ஒன்றில் கோளாறு, அவ்வளவுதான். தங்கச்சிக்கு நான் சொன்னதும் இதையேதான். அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

பிறகு யோசித்துப் பார்த்தால், அதே வாக்கியத்தை இன்னொரு மாதிரியும் பயன்படுத்தலாம் என்று தெரிகிறது. ஒரு நோயாளி “ஊசி வேண்டாம்” என்று கத்துகிறார். “இது அவர் பேசலை, நோய் பேசுது” என்று சொல்லிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். மனம் அவர் இல்லை, மனம் சொல்கிற ‘வேண்டாம்’ மட்டும் எப்படி அவருடையதாகும்? பிடிச்சு அமுக்கு, ஊசியைப் போடு. இந்த நியாயத்தை நீட்டிக்கொண்டே போனால் சங்கிலியில் போய் நிற்கும்.

நின்றும் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை அதிகாலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. வேறு வழி தெரியாமல், நம்பிக்கையோடு கொண்டுபோய் விட்டவர்கள்தான் பலர். ஆனால் தீ பிடித்ததும் கத்தியிருப்பார்களே, அது நோயின் குரலா? 2017-இல் வந்த இந்திய மனநலச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்தது.

இதைச் சொன்னதும் “அப்போ கோயில், சாமி எல்லாம் மூடநம்பிக்கையா?” என்று சண்டைக்கு வராதீங்க. திண்டுக்கல் மாவட்டம் வேலாயுதம்பாளையம்புதூரில் ஒரு முத்துசுவாமி கோயில் இருக்கிறது. அங்கே வந்து தங்கிய 31 மனநோயாளிகளை பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் கவனித்து, 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியதிலேயே நோயின் கடுமை ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. தனியாக மந்திரமோ சடங்கோ இல்லை. கோயிலைச் சுத்தம் செய்வது, செடிக்குத் தண்ணி ஊற்றுவது மாதிரி சின்னச் சின்ன வேலை. பயமில்லாத இடம். மரியாதை. கோயில் கொடுத்தது அதைத்தான். மருந்தே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மரியாதையும் மருந்தோடு சேர்ந்து வேலை செய்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

திரும்ப வார்டுக்கு வருவோம். க்ளோசபின் என்று ஒரு மருந்து, வேறு மருந்துக்குக் கேட்காத மனச்சிதைவு நோய்க்குக் கொடுப்பது. இரத்தத்தில் வெள்ளை அணு ஆபத்தாகக் குறையலாம் என்பதால் ஆரம்பத்தில் வாராவாரம் இரத்தம் எடுப்பார்கள். எடை கூடும். ராத்திரி எச்சில் வழிந்து தலையணை நனையும். ஒருவர் “இந்த மாத்திரை வேணாம்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால், “நோய் பேசுது” என்று எழுதிவைக்கும் தாதியும் இருக்கலாம், “ஏன் ஐயா வேணாம்?” என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் தாதியும் இருக்கலாம். இரண்டாவது ஆளுக்குத்தான் தலையணை விஷயம் தெரியவரும். பல்கலைக்கழகம் இந்தப் படிப்புக்கு இத்தனை வருஷம் எடுத்துக்கொள்வதற்கு இதுவும் காரணம். ஹில்டகார்ட் பெப்லவ் என்ற அமெரிக்கத் தாதி 1952-லேயே, தாதிக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவுதான் இந்த வேலையின் அடிப்படை என்று புத்தகம் எழுதிவிட்டார்.

அப்போ பிடிக்கவே கூடாதா? அப்படியும் சொல்ல மாட்டேன். குரல்கள் கட்டளை போடுவதாகச் சொல்லி ஒருவர் மாடியிலிருந்து குதிக்கப் போனால், அகிம்சை பேசிக்கொண்டு கைகட்டி நிற்பது பாவம். நம்ம நாட்டு 2001 மனநலச் சட்டமும் சம்மதம் இல்லாமல் சேர்க்க வழி வைத்திருக்கிறது, மருத்துவர் பரிசோதனை செய்து முடிவு சொல்லணும் என்ற கட்டுப்பாட்டோடு. தற்கொலைக்கு முயன்றவரை ஒரு வருஷம் வரை சிறையில் போடலாம் என்றிருந்த தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2023-இல் நீக்கியது. இனி அவரைப் பிடிப்பது காப்பாற்றுவதற்கு மட்டும்தான்.

பிடிப்பதற்கும் முறை இருக்கிறது. ஒருவர் தலை அடிபடாமல் தாங்கிக்கொள்வார். நெஞ்சில் அழுத்தக் கூடாது, குப்புறப் போட்டு அமுக்கக் கூடாது, மூச்சு நின்றுவிடலாம். எவ்வளவு நேரம், ஏன், யார் யார் என்று எழுதி வைக்கணும்.

கீதையில் எனக்குப் பிடித்த இடம் பதினெட்டாம் அத்தியாயத்தில், கிட்டத்தட்ட கடைசியில் வருகிறது. இவ்வளவும் சொல்லிவிட்டு, நன்றாக யோசித்து உன் விருப்பப்படி செய் என்று கண்ணன் விட்டுவிடுகிறான். கை நடுங்கி, வில் நழுவி நின்ற ஆளிடம்தான் அந்தப் பேச்சு. அர்ஜுனன் மனநோயாளி இல்லை, ஒப்பீடு முழுசாகப் பொருந்தாது, தெரியும். ஆனாலும் கலங்கிய மனம் என்பதற்காக அவனுடைய முடிவைக் கண்ணன் பறித்துக்கொள்ளவில்லை.

தங்கச்சி கேட்டாள்: “அப்படியும் ஒருத்தரைப் பலவந்தமா பிடிச்சு ஊசி போட வேண்டி வந்தா, அதுக்கு அப்புறம் நான் என்ன அண்ணா செய்யணும்?”

ஊசி போட்ட அதே தாதி, அவர் தெளிந்ததும் ஒரு மைலோ கலக்கிக்கொண்டு போய் பக்கத்தில் உட்காரணும். என்ன நடந்தது, ஏன் பிடித்தோம் என்று சொல்லணும். அவருக்கு எப்படி இருந்தது என்று கேட்கணும். அவர் திட்டலாம். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளலாம். மைலோ ஆறிப்போகும் வரைக்கும் பேசாமலே இருக்கலாம். அடுத்த ஷிஃப்டில் திரும்பவும் போய்க் கேட்கணும்.