அடிமண் அற்ற தொட்டி: தூய்மையும் நன்மையும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிக் குடியிருப்புகளின் முன்னறைகளிலே கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் உளர். அவருள் ஒரு சாரார் தொட்டியின் அடியில் மணலோ கூழாங்கல்லோ இடுவதில்லை. வெறுங் கண்ணாடியே தளமாகும். இவ்வழக்கம் குறித்து எழும் வினா சிறிதாகத் தோன்றினும், அறவியலின் பழைய வினாவொன்றை உள்ளடக்கியது: பிறிதோர் உயிரின் நன்மையைத் தீர்மானிப்பவன் எவ்வளவுகோலைக் கொண்டு தீர்மானிக்கிறான்?

மணலிடாதோர் கூறும் காரணங்களை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. மீனின் கழிவிலிருந்தும் அழுகும் தீனியிலிருந்தும் அமோனியா தோன்றுகிறது. பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. மணலின் இடுக்குகள் அப்பற்றீரியாக்களுக்கு உறைவிடமாகும் என்பது உண்மையே. ஆயின் காற்றுக்குழாய் பொருத்திய பஞ்சு வடிகட்டியும் அவற்றுக்கு இடமளிக்கும். வெறுந்தளத்தில் அழுக்கு மறைவதில்லை. இறப்பர்க் குழாயினால் உறிஞ்சி அகற்றிவிடலாம். மருந்திடும்போது அதனை ஈர்த்துக்கொள்ள மண் இல்லை. முட்டையும் குஞ்சும் கண்ணுக்குப் புலப்படும். மீனினங்களைப் பெருக்கி விற்போர் வெறுந்தொட்டியை விரும்புவது இவற்றாலேயே.

இக்காரணங்கள் யாவும் வளர்ப்பவனின் கண்ணையும் கையையும் சார்ந்தவை என்பது ஈண்டு நோக்கற்பாலது. தூய நீரால் மீனும் பயன்பெறுகிறது, மறுப்பதற்கில்லை. எனினும் இரு நலன்களும் ஓரிடத்தில் ஒன்றுபடுவதைக் கொண்டு அவை எவ்விடத்தும் ஒன்றுபடும் எனக் கொள்வது தருக்கப் பிழையாகும்.

செர்ரி பார்ப் என்னும் பெயரால் விற்கப்படும் சிறு மீன் இலங்கைக்கே உரியது. பி. ஈ. பி. தெரணியகல 1929 இல் அதனை விஞ்ஞான உலகுக்கு விவரித்தார். களனி முதல் நில்வளா வரையான ஆற்றுப் படுகைகளின் நிழலடர்ந்த சிற்றோடைகளில், உதிர்ந்த இலைகளும் சேறும் படிந்த தரையை அண்டி அது வாழ்கிறது. கொழும்புக் குழாய்களில் வரும் நீரிலும் பெரும்பங்கு அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்ட களனி நீரே. சேறும் இலையும் நிழலும் நீங்கி, குளோரீன் கூடி, ஆறு தொட்டிக்கு வந்து சேர்கிறது! அடியிலிருந்தும் ஒளி தெறிக்கும் வெறுங் கண்ணாடியின்மேல் அம்மீனின் செந்நிறம் வெளிறுதல் உண்டு. சூழலுக்கேற்ப நிறம் மாறுதல் மீன்கள் பலவற்றின் இயல்பாகையால், வெளிறலையே துன்பமெனக் கொள்ளலாகாது. மறைவிடமின்றி மூலையில் ஒதுங்கி நிற்றலை அவ்வாறு விளக்கிவிட முடியாது.

மீன் துன்புறுமா? 1789 இல் வெளிவந்த நூலில் பெந்தம் விலங்குகளின் பகுத்தறிவை விடுத்து, துன்புறும் ஆற்றலையே அளவுகோலாக்கினார். 2003 இல் லின் சினெடனும் உடன் ஆய்ந்தோரும் ற்றவுட் மீனின் தலையில் ஊறுணரும் நரம்பு முனைகள் உள்ளமையைக் காட்டினர்; அவ்வுணர்வு நோவுதானா என்னும் விவாதம் இன்னும் ஓயவில்லை. இத்தாலியின் மொன்சா நகரசபையோ அதன் முடிவுக்குக் காத்திராது, உருண்டைக் கண்ணாடிக் கிண்ணங்களில் மீன் வளர்ப்பதை 2004 இல் தடைசெய்தது. ஐயம் தீராதவிடத்து மெலியதன் பக்கம் நிற்பதே முறை.

மண்ணை விட்டு வந்து மாடிகளில் குடியேறியோர் பலர் வாழும் பகுதிகள் இவை. தரையற்ற மீனைத் தம் வாழ்வுக்கு உவமையாகக் காணத் தூண்டும் மனநிலை இயல்பானதே. கவிதைக்கு அஃது உதவவுங் கூடும். அறவியலுக்கு உதவாது. பண்ணையிற் பிறந்த மீன் ஓடையைக் கண்டதுமில்லை, இழந்ததுமில்லை. அதன் குறை வேறு. உவமையாக்கப்பட்ட மீனும் பார்க்கப்படாத மீனே.

ஆகவே ‘மீன்’ என்னும் பொதுச்சொல்லை விடுத்து, எந்த மீன், எத்துணைக் காலம் என வினவுதல் வேண்டும். நோயுற்ற மீனைச் சில கிழமைகள் வெறுந்தொட்டியில் வைத்தல் தக்கதே. மணலைக் கிளறி உணவு தேடும் கோரிடோராஸை ஆயுள் முழுவதும் அவ்வாறு வைத்தலோ அதன் மீசைக்கு வேலையில்லாமற் செய்வதாகும். எத்தூய்மையும் அதற்கு ஈடாகாது. பெரிதும் மேல்நீரில் உலவும் கப்பிக்கு மணலின்மை அத்துணைக் குறையன்று. செர்ரி பார்ப்புக்கு மண்ணினும் இன்றியமையாதவை நிழலும் மறைவும். சட்டியில் நட்ட நீர்ச்செடி ஒன்றும், உலர்ந்த நாட்டுவாதுமை இலைகள் சிலவும் வெறுந்தளத்திலேயே அவற்றை அளிக்கும். இலைகள் நீரைச் சற்றே பழுப்பாக்கும். மீன் முன்போல் எந்நேரமும் கண்ணிற் படாது. நைந்த இலைகளை அவ்வப்போது அகற்றிப் புதியன இடவும் வேண்டும்.