வாக்கில்லாத வனத்திற்கு வாதாடுபவர் யார்?

மரம் பேசாது. தேர்தலில் வாக்களிக்காது. தன்னை வெட்ட வருபவனுக்கெதிராக மனுக்கொடுக்கவும் அதற்கு இயலாது. அப்படியானால், அதற்காக அரசாங்கத்திடம் வாதாடுவது எவர் கடமை? “மனிதனே பசியால் வாடுகையில் மரத்திற்கென்ன வக்காலத்து?” என்று கேட்போர் எக்காலத்திலும் உளர். அக்கேள்வியைத் தட்டிக்கழித்தல் நேர்மையன்று. எம் நாட்டு வரலாற்றிலேயே அதற்கு விடை தேடலாம்.

இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது சிங்கராஜ வனம். களுகங்கைக்கும் ஜின்கங்கைக்கும் நீரூட்டும் மழைக்காடு அது. அங்குள்ள மரவினங்களில் 60 சதவீதத்திற்கு மேற்பட்டவை இலங்கையையன்றி வேறெங்கும் இயற்கையாக வளராதவை. 1970களின் தொடக்கத்தில், ஒட்டுப்பலகை ஆலைக்கு மரந்தேடி இவ்வனத்தினுள் இயந்திரங்கள் நுழைந்தன.

ஆலையை விரும்பியவர்கள் கொடியவரல்லர். இளைஞருக்கு வேலை வேண்டும். நாட்டுக்கு அந்நியச் செலாவணி மிஞ்ச வேண்டும். மலையகத் தொழிலாளர் கிள்ளிய கொழுந்தும் அக்காலத்தில் ஒட்டுப்பலகைப் பெட்டிகளிலேயே கடல் கடந்தது. தேவை உண்மையானதே.

எனினும் இயற்கை ஆர்வலரும் விஞ்ஞானிகளும் பொதுமக்களும் எதிர்த்துக் குரலெழுப்பினர். 1977இல் ஆட்சி மாறியபின் மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 1978இல் உயிர்க்கோள ஒதுக்கிடமாகவும், 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமையாகவும் அவ்வனம் ஏற்கப்பட்டது.

இங்கே ஆழ்ந்து நோக்கவேண்டியது ஒன்றுண்டு. அந்தத் தேயிலைப் பெட்டி இன்று பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. அதனிடத்தைக் கடதாசிப் பைகள் பிடித்துக்கொண்டன. ஒரு தலைமுறையின் அவசரத் தேவை அடுத்த தலைமுறையில் இல்லாது போயிற்று. காடு முழுவதும் அத்தேவைக்குப் பலியாகியிருந்தால் அதனை மீட்பது எப்படி? மூடிய ஆலைக்குப் பதிலாக வேறொன்று கட்டலாம். அழிந்த உயிரினத்திற்குப் பதிலாக வேறொன்றைப் படைக்க எந்த மனிதனாலும் இயலாது. ஈடுசெய்யக்கூடிய இழப்பையும் ஈடுசெய்யவொண்ணா இழப்பையும் ஒரே தராசில் நிறுத்தல் நீதியாகாது. இன்னும் பிறவாத பிள்ளைகளுக்கும் மரத்தைப் போலவே வாக்கில்லை. அவர்களின் பங்கைச் செலவிட எமக்கு உரிமை தந்தவர் யார்?

ஆயினும் இவ்வளவுடன் வாதாடுவோரின் கடமை முடிந்துவிடாது. வனத்தின் ஓரத்தில் வாழும் ஏழைக் குடும்பங்கள் கித்துள் சீவிப் பாணி காய்ச்சியும் பிரம்பு வெட்டியும் சீவித்து வந்தவை. காடு சட்டத்தினால் காக்கப்படும்போது கட்டுப்பாடு முதலில் விழுவது அவர்கள் மீதே. பட்டினத்து வீட்டிலிருந்து “காட்டைக் காப்பீர்” என முழங்குபவனுக்கு நட்டம் எதுவுமில்லை. பிறன் பானையிலிருந்து அள்ளிக் கொடுப்பது தருமமாகுமா? காட்டுக்காக மனுவில் ஒப்பமிடும் கை, அம்மக்களின் பிழைப்புக்காகவும் ஒப்பமிட வேண்டும். அன்றேல் அவ்வாதம் பாதி நீதியே.

எம் வீட்டையும் சற்றுப் பார்ப்போம். முதிரைக் கதவும் பாலை நிலையும் எமக்குப் பெருமை. அம்மரம் எந்தக் காட்டில், எவர் அனுமதியுடன் வெட்டப்பட்டதென்று ஒருநாளாவது விசாரித்தோமா? வாங்குபவன் கேளாதிருக்கும்வரை, வெட்டுபவனும் அஞ்சப்போவதில்லை.

“அரசியல் எமக்கேன்?” என்று ஒதுங்கியிருப்பதும் ஒரு தீர்ப்புத்தான், அது கோடரியின் பக்கம் வழங்கப்படும் தீர்ப்பு. எம் பிரதிநிதியிடம் வீதி கேட்கிறோம், உத்தியோகம் கேட்கிறோம். காட்டையும் அதன் ஓரத்து ஏழையையும் பற்றி ஒரு கேள்வி கேட்டாலென்ன?

தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவுமே மனிதன் அதில் வைக்கப்பட்டான் என்பது ஆதியாகமம் தரும் போதனை. பண்படுத்தலை நன்றாகவே கற்றுக்கொண்டோம். காத்தலை எப்போது கற்கப்போகிறோம்?