ஐவகை அச்சமும் படைக்கலத் தடையும்: கொல்லயில் எல்லைப்புறத்தை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில், நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் அடுத்து அமைந்த ஊராட்சி கொல்லயில். தனுவச்சபுரம் தொடர்வண்டி நிலையம் இதற்கு அணித்தாக உள்ளது. தெற்கே சில கல் சென்றால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. மரச்சீனி, வாழை, தென்னை, ரப்பர் ஆகியவற்றை நம்பி வாழும் இவ்வெல்லைப்புறச் சிற்றூர்களில் துப்பாக்கி என்பது வீட்டில் காணக்கூடிய பொருளன்று. உரிமம் பெற்றோர் மிகச் சிலர். ஏனையோருக்குத் துப்பாக்கி என்றால் காவலர் தோளில் தொங்குவதும் வங்கி வாயிலில் நிற்பவர் கையில் இருப்பதுமேயாகும்.

இந்நிலை நன்றா தீதா என்னும் வினா பலராலும் எழுப்பப்பட்டுள்ளது. அதனினும் அடிப்படையான வினா ஒன்று போதிய கவனம் பெறவில்லை. குடிகளின் கையிலிருந்து படைக்கலத்தை நீக்கிய அரசு, அதற்கு ஈடாக அவர்களுக்கு எதைக் கடன்பட்டுள்ளது? இவ்வினாவுக்குத் தமிழ் அறமரபில் தெளிவான அளவுகோல் ஒன்று உண்டு. பெரியபுராணத்தின் திருநகரச் சிறப்பில் மனுநீதிச் சோழன் தன் அமைச்சரிடம் அரசனது கடமையை வரையறுக்கிறான். குடிகளுக்குத் தன்னாலும், தன் பரிவாரத்தாலும், பகைவராலும், கள்வராலும், பிற உயிர்களாலும் விளையும் அச்சம் ஐந்தையும் தீர்ப்பவனே காவலன் என்பது அவன் கூற்று. சேக்கிழார் வைத்த முறை ஈண்டு எண்ணத்தக்கது. பகைவரும் கள்வரும் விலங்கும் பின்னர் வர, அரசனும் அவன் ஆட்களும் முதலில் நிற்கின்றனர். கொல்லயில் வட்டாரத்தின் அண்மை வரலாறு இவ்வைந்தனுள் மூன்றையேனும் துப்பாக்கியோடு தொடர்புபடுத்திக் காட்டுகிறது.

தடையின் வழி

தென்னாட்டில் குடிகளின் படைக்கலம் பறிக்கப்பட்டமைக்கு நாள் குறித்துச் சொல்லக்கூடிய சான்று உண்டு. பாளையக்காரர் போருக்குப் பின் 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, தென்பாளையங்களில் ஆயுதம் தாங்குதலைத் தடை செய்தது. ஆரல்வாய்மொழிக்கு மேற்கே, 1809இல் வேலுத்தம்பி கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் திருவிதாங்கூர்ப் படையின் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. பிரித்தானிய இந்தியா முழுமைக்குமான ஆயுதச் சட்டம் 1878இல் வந்தது.

பறிக்கப்பட்டது வேலும் துப்பாக்கியும் மட்டுமன்று என்பதை நெல்லைச் சீமையின் காவல் முறை உணர்த்தும். காவற்கூலி பெற்றவர், களவுபோன பொருளை மீட்டுத் தரவேண்டும். இயலாவிடின் தம் பொறுப்பில் ஈடுசெய்யவேண்டும். இம்முறை மாசற்றது என்று கூறுவதற்கில்லை. கூலி தராத ஊரில் காவலரே களவு செய்தமைக்கும் குறிப்புகள் உண்டு. ஆயினும் அதில் ஒரு கணக்கு இருந்தது: காவலைத் தன்வசம் கொண்டவன் இழப்பையும் தன்வசம் கொள்ளவேண்டும். கம்பெனி ஆட்சி காவலை எடுத்துக்கொண்டது. இழப்பைக் குடியிடமே விட்டுவிட்டது.

விடுதலை இயக்கத்தார் இத்தடையை மானக்கேடாகக் கருதினர். இன்னா செய்யாமையைத் தம் வாழ்நெறியாகக் கொண்ட காந்தியடிகளே, ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் படைக்கலம் இழக்கச் செய்த சட்டத்தை ஆங்கில ஆட்சியின் தீச்செயல்களுள் மிகக் கரியதாக எண்ணினார். 1931இல் கராச்சி காங்கிரசுத் தீர்மானம், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருத்தலைக் குடிமக்கள் உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிருணய சபையில் எச்.வி. காமத் இவ்வுரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்க்க முயன்றபோது அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. எவரும் கடைக்குச் சென்று தாக்குதற் கருவியைத் தடையின்றி வாங்கலாம் எனில் அரசு நிருவாகம் எங்ஙனம் நடைபெறும் என்பது அவர் எழுப்பிய தடை.

அம்பேத்கர் பக்கமே நியாயம் மிகுதி எனலாம். சாதியும் நிலமும் செல்வமும் சமமாக இல்லாத நாட்டில் துப்பாக்கி மட்டும் சமமாகப் பரவும் என்பதற்கு உறுதியில்லை. வீட்டுக்கு வீடு பத்தடி இடைவெளி உள்ள கொல்லயில் போன்ற ஊரில், குடிபோதையிலோ உடன்பிறந்தார் எல்லைத் தகராற்றிலோ கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருப்பது விரும்பத்தக்கதன்று. ஆனால் அம்பேத்கரை ஏற்பவர் அவர் விடையின் மறுபாதியையும் ஏற்றாக வேண்டும். தடை விதித்த அரசு காவற்கடனைத் தானே மேற்கொள்கிறது. அக்கடன் தீர்க்கப்படுகிறதா?

விலங்கால் வரும் அச்சம்

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் கடுமையானது எனினும் உழவரை மறந்துவிடவில்லை. அதன் 13ஆம் பிரிவு, மெய்யான பயிர்க்காப்பின் பொருட்டு, வாய்வழி மருந்திட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்கப்பட வேண்டும் என்கிறது. போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டி உரிமம் மறுத்தலாகாது என்று 14ஆம் பிரிவு கூறுகிறது. ஏழை உழவனை எண்ணி எழுதப்பட்ட வரிகள் இவை. பின்னர் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பயிரைக் காக்கத் துப்பாக்கி வைத்திருக்கலாம். பயிரைத் தின்னும் விலங்கைச் சுடலாகாது. ஒரு சட்டம் கருவியைத் தந்தது. மற்றொன்று குறியை நீக்கியது. இவ்விரண்டும் ஒன்றையொன்று பாராமலே ஒரே உழவன்மீது ஆட்சி செய்தன. குடகில் மட்டும் நிலை வேறு. குடவ இனத்தார்க்கும் ஜம்மா நிலம் உடையார்க்கும் உரிமம் பெறுதலினின்று விலக்கு உண்டு. 2019இல் அது மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. பிறப்பாலும் நிலவுரிமையாலும் ஒருவர்க்குக் கிட்டும் விலக்கு, அதே பன்றியால் அதே இழப்பை அடையும் மற்றொருவர்க்கு இல்லை.

கொல்லயிலுக்குக் கிழக்கே அம்பூரி, வெள்ளறடை முதலிய மலையடிவார ஊர்களில் பன்றி கிளறிய மரச்சீனித் தோட்டம் புதுமையன்று. சேனை, சேம்பு, வாழைக்கன்று எதுவும் தப்புவதில்லை. 2022 மே மாதம் கேரள அரசு, ஊராட்சித் தலைவர்களைக் கௌரவ வனவிலங்குக் காப்பாளராக்கி, ஊருக்குள் புகுந்து கேடு செய்யும் காட்டுப்பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை அவர்க்கு வழங்கியது. நஞ்சு, வெடி, மின்சாரம் ஆகியவற்றால் கொல்லுதல் கூடாது. உரிமத் துப்பாக்கி உடையவரே சுடவேண்டும். ஆணையின் நோக்கம் செம்மையானது. ஆனால் தலைவர் கையெழுத்திட்டாலும் சுடுவதற்கு ஆள் வேண்டும். உரிமம் உடையவர் ஊரில் இல்லையெனில் வேற்றூரிலிருந்து அழைக்கவேண்டும். தேர்தல் அறிவிக்கப்பட்டால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கக் கோருவது வழக்கம். பன்றி தேர்தல் நாட்காட்டி பார்ப்பதில்லை.

அது 1956 நவம்பர் 1இல் வகுத்த மாநில எல்லையையும் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வெளியான ஆணை வேறு வழியை மேற்கொண்டது. காட்டெல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது. ஒன்றுமுதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். ஓடையின் இப்புறம் ஊராட்சித் தலைவரின் கையொப்பத்தில் உயிரிழக்கவேண்டிய விலங்கு, அப்புறம் விளவங்கோடு வட்டத்துள் தூரக்கணக்கினால் பிழைக்கக்கூடும். அச்சம் ஒன்றாக இருக்க, அதைத் தீர்க்கும் கடன் இரண்டு அலுவலகங்களில் இரண்டு வடிவில் கிடக்கிறது.

கடன் தீராத இடத்தில் உழவன் வாளா இருப்பதில்லை. தினைப்புனத்தை மேயும் பன்றிக்கு அஞ்சி, அது நுழையும் வழிதோறும் பெருங்கற் பொறி அமைத்த செய்தியை மலைபடுகடாம் கூறுகிறது. இரவில் அவ்வழி செல்லாது தங்கி, விடிந்த பின்னரே செல்லவேண்டும் என்பதும் அந்நூலிலேயே கூறப்படுகிறது. கற்பொறியின் இடத்தை இன்று மின்கம்பியும் பன்றிவெடியும் பிடித்துள்ளன. வழிப்போக்கரை எச்சரிக்கத்தான் எவருமில்லை. 2020 மே மாதம் பாலக்காட்டில் வெடிவைத்த பழத்தைக் கடித்த சூல்கொண்ட யானை ஆற்றில் நின்றபடியே இறந்தது. 2025 ஜூன் மாதம் மலப்புறம் மாவட்டத்தின் வழிக்கடவில், பன்றிக்குச் சட்டவிரோதமாக விரித்த மின்கம்பியில் பட்டுப் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் உயிரிழந்தான்.

துப்பாக்கியின் பின்னால் ஒரு கண் இருக்கிறது. பன்றியா மனிதனா என்று அது பார்க்கிறது. சுட்டவர் இன்னார் என்று உரிமப் பதிவேடு சொல்கிறது. மின்கம்பிக்குக் கண்ணும் இல்லை, பெயரும் இல்லை. கட்டுப்பாட்டின் நோக்கம் உயிர்க்காப்பு எனில், பொறுப்புடைய கருவியை அரிதாக்கிப் பொறுப்பற்ற கருவியைப் பெருக்கியமை அந்நோக்கத்திற்கே முரணானது. இதற்குத் தீர்வு எல்லார்க்கும் துப்பாக்கி என்பதன்று. ஊராட்சிதோறும் பயிற்சி பெற்ற, ஊதியம் பெறும் காவலர் சிலரை அரசே அமர்த்தலாம். பழைய காவல் முறைபோல இழப்புக்கும் அவ்வமைப்பே பொறுப்பேற்கலாம். இழப்பீடு இன்று கருணையாகக் கருதப்படுகிறது. முறைப்படி அது கடன்.

கள்வரால் வரும் அச்சத்திற்கும் இவ்வெல்லையிலேயே சான்று உண்டு. 2020 ஜனவரி 8 இரவில் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் தமிழ்நாடு காவல்துறைச் சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். உழவனிடம் இரட்டைக்குழல் துப்பாக்கிக்குத் தாள்மேல் தாள் கேட்கும் சட்டத்தைக் கொலையாளர் கைத்துப்பாக்கி கேட்காமலே கடந்து வந்திருந்தது. இதைக் கொண்டு சட்டமே வேண்டா என்போர் உளர். அம்முடிவு பொருந்தாது, கள்ளத் துப்பாக்கி எளிதில் கிட்டாமைக்கே சட்டம் இன்னும் தேவைப்படுகிறது. ஆயின் உரிமத் தாள்களை ஆராய்வதில் செலவாகும் கருத்து, கள்ளத் துப்பாக்கி வரும் வழியை ஆராய்வதிலும் செலவாக வேண்டும்.

பரிசனத்தால் வரும் அச்சம்

குடிகளிடம் இல்லாத துப்பாக்கி அரசின் ஆட்களிடம் உண்டு. 1938 ஆகஸ்டு 31 அன்று நெய்யாற்றின்கரையில் பொறுப்பாட்சி கோரிய மக்கள்மீது சர் சி.பி. இராமசாமி ஐயர் திவானாக இருந்த அரசு சுட்டது. வீரராகவன் உள்ளிட்டோர் உயிரிழந்தனர். அது மன்னராட்சிக் காலம் என்று அமைதி கூறலாம். 1954 ஆகஸ்டு 11 அன்று, தமிழ்ப்பகுதிகளைத் தாய்த்தமிழகத்துடன் இணைக்கக் கோரியோர்மீது மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் சுட்டதோ தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு. முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை, பிரஜா சோசலிஸ்ட் கட்சியினர். 1956இல் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் தமிழ்நாட்டிற்கு வந்தன. கோரிக்கைப் பட்டியலில் இருந்த நெய்யாற்றின்கரை வரவில்லை. ஆதலின் இத்துப்பாக்கிச்சூட்டின் நினைவு எல்லையின் ஒருபுறத்தே ஈகமாகப் போற்றப்பட, கொல்லயில் புறத்தே பெரும்பாலும் மறக்கப்பட்டது.

அப்போது கட்சியின் பொதுச்செயலாளராயிருந்த இராம் மனோகர் லோகியா உத்தரப்பிரதேசச் சிறையில் இருந்தார். அங்கிருந்தே தம் கட்சி அரசு பதவி விலக வேண்டும் என்று தந்தி அனுப்பினார். சுட்டது நியாயமா என்று பின்னர் ஆராயலாம். முதலில் ஆட்சியிலிருந்து இறங்குக என்பது அவர் நிலைப்பாடு. இதனை மிகையென்று கருதியோரே பலர். ஆனால் சேக்கிழாரின் பட்டியலை நினைவில் வைத்துப் பார்த்தால் இது மிகையன்று. மனுநீதிச் சோழனிடம் அமைச்சர் கூறியதும் கழுவாய் ஒன்றுதான்: மறைமுறைப்படி பரிகாரம் செய்து பழியைத் தீர்க்கலாம். அவன் அதை மறுத்தான். குடிகளுக்கு ஒரு நீதி, தன் மகனுக்கு ஒரு நீதி எனக் கொள்வது காவல் ஆகாது என்பது அம்மறுப்பின் உள்ளீடு. துப்பாக்கிச்சூட்டிற்குப் பின் அறிவிக்கப்படும் உதவித்தொகை அமைச்சர் கூறிய அக்கழுவாயின் இக்கால வடிவமே.

செங்கோன்மை அதிகாரத்தில் வள்ளுவர், கொடியோரை வேந்தன் ஒறுப்பதைப் பயிரின் களை பறித்தலுடன் ஒப்பிடுவார். அரசின் வன்முறைக்கு ஆதரவாக இவ்வுவமை அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. உழவர் அறிந்த ஒன்றை இவ்வாறு எடுத்தாள்வோர் மறந்துவிடுகின்றனர். களை பறிப்பவன் குனிந்து, ஒவ்வொரு செடியாகப் பார்த்து, இது களை என்று அறிந்தே பறிக்கிறான். கூட்டத்தை நோக்கிச் சுடுபவனுக்கு அக்குனிதல் இல்லை. அவ்வகையில் கூட்டத்தின்மீதான குண்டு, வயலில் விரித்த மின்கம்பியின் இனத்தைச் சேர்ந்தது. தூத்துக்குடியில் 2018 மே மாதம் 13 பேர் இறந்த துப்பாக்கிச்சூட்டை ஆராய்ந்த நீதியரசர் அருணா ஜெகதீசன் ஆணையம், காவல்துறையினர் பலர்மீது நடவடிக்கை பரிந்துரைத்தது. அறிக்கை 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது.

கூட்டத்தைக் கலைக்க ஆயுதம் பயன்படுத்தியவர்மீது வழக்குத் தொடர, அரசின் முன் அனுமதி வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 132ஆம் பிரிவு கூறிற்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 151ஆம் பிரிவில் அவ்விதி தொடர்கிறது. சுட்ட ஆட்களும் அனுமதி தரவேண்டியவரும் ஓரரசினரே. 1954 இறுதியில் நாகபுரியில் கூடிய கட்சி மாநாட்டில் பெரும்பான்மையோர் பட்டம் தாணுப்பிள்ளை அரசின் பக்கம் நின்றனர். லோகியா வெளியேறி, 1955 இறுதியில் ஹைதராபாத்தில் வேறு கட்சி தொடங்கினார். பட்டத்தின் அமைச்சரவை 1955 தொடக்கத்தில் வீழ்ந்தது. வீழ்த்தியது மார்த்தாண்டத்துக் குண்டன்று, ஆதரவளித்த காங்கிரசு தன் ஆதரவை விலக்கிக்கொண்டமையே.