தொடங்கும் கணத்தின் பொறுப்பு

தீங்கு செய்யும் எண்ணமே இல்லாதவரின் செயலால் அயலாருக்கு நேரும் இடர் அவருடைய வினையாகுமா என்னும் பழைய கேள்வியை, கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் எல்லையோரச் சிற்றூர்களில் கிணற்று நீர் இறைக்கும் மோட்டாரை முன்வைத்தும் ஆராயலாம். தூண்டல் மோட்டாரின் சுழலும் உறுப்பாகிய ரோட்டார் அசையாதிருக்கையில், சுற்றிலும் சுழலும் காந்தப்புலம் அதை முழு வேகத்தில் வெட்டிச் செல்வதால், மோட்டார் வேகம் பிடிக்கும்வரை முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல ஏறத்தாழ ஐந்து முதல் எட்டு மடங்கு இழுக்கிறது. அப்போது அதே டிரான்ஸ்ஃபார்மரில் இணைந்த கடைக்கோடி வீட்டில் மின்னழுத்தம் தாழ்ந்து பல்பு மங்குகிறது.

பௌத்தம் எண்ணத்தையே வினை என்று கொள்வதால் மோட்டார் போட்டவரை எளிதில் விடுவித்துவிடும். எல்லைக்கு அப்பால், குமரி மாவட்டத்துச் சிதறால் மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்களை விட்டுச் சென்ற சமணமோ, உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரத்தில், கவனமின்மையால் உயிருக்கு நேரும் கேட்டையே இம்சை என வரையறுக்கிறது. விளக்கு மங்குவது உயிர்க்கேடு அன்று; ஆயினும் முன்கூட்டியே அறியவும் குறைக்கவும் கூடிய இடரை அறியாமல் நேர்ந்ததாகச் சொல்ல இயலாது என்பதால், இங்குச் சமணத்தின் அளவுகோலே பொருத்தமானது.

குறைக்கும் வழியும் புதிதன்று. மும்முனை மோட்டாருக்கான ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர், சுருள்களை முதலில் நட்சத்திர வடிவில் இணைத்து ஒவ்வொன்றுக்கும் 58 விழுக்காட்டு மின்னழுத்தம் மட்டும் தந்து, வேகம் பிடித்தபின் முக்கோண இணைப்புக்கு மாற்றுகிறது. கம்பியில் வரும் தொடக்க மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகிறது, முறுக்குவிசையும் அவ்வாறே குறைகிறது. அயலாருக்காகத் தன் வலிமையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கும் இந்த ஏற்பாடு, குறைந்த வேகத்தில் சுமை குறைவாயிருக்கும் மையவிலக்குப் பம்புக்கு இழப்பே அன்று.

நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புறத்தில் 1888இல் சிவலிங்கம் நிறுவிய நாராயண குரு, தன் இன்பத்துக்கென ஒருவர் செய்வது பிறர் இன்பத்துக்கும் உதவ வேண்டும் என்று ஆத்மோபதேச சதகத்தில் கூறுகிறார். மின்தடை நீங்கியதும் ஆட்டோ ஸ்டார்ட்டர் பூட்டிய மோட்டார்கள் அனைத்தும் ஒரே நொடியில் கிளம்பும்போது மீறப்படுவது இந்நெறியே. அந்த ஸ்டார்ட்டரிலுள்ள டைமரை ஆளுக்கொரு நேர இடைவெளியில் வைத்தால் போதும். ஒருமுனை மின்சாரத்தில் ஓடும் சிறு வீட்டு மோட்டாருக்கு ஸ்டார்-டெல்டா பொருந்தாது. அங்கே அண்டை வீட்டாருடன் பேசி முறைவைத்துப் போடுவதே செலவில்லாத வழி.