ஊர் திரும்பும் எண்ணம்

1990 ஒக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு ஊரைவிட்டுப் போக விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டே மணி நேரம். அந்த மாதக் கடைசியில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000 பேருக்கும் மேல். மன்னார்க்காரர் பலர் படகேறிக் கல்பிட்டியில் கரை இறங்கினார்கள். பெரும்பாலானோருக்குப் புத்தளத்து ஓலைக்குடிசைதான் அடைக்கலம்.

அன்றுமுதல் அவர்களிடம் கேட்கப்படும் கேள்வி: திரும்பிப் போகும் எண்ணம் உண்டா?

ஒரே வீட்டில்கூட இதற்குப் பதில் ஒன்றாக இருப்பதில்லை. யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் கடை வைத்திருந்த வாப்பாவுக்குப் போக ஆசை. அவருடைய தகப்பனின் கபுறு அங்கேதான். உம்மா காணி உறுதியைப் பத்திரமாக வைத்திருப்பார், ஆனால் பேரப்பிள்ளைகளை விட்டு நகரமாட்டார். புத்தளத்தில் பிறந்து அங்கேயே கலியாணம் முடித்த மகளுக்கு யாழ்ப்பாணம் போய்வரும் ஊர், அவ்வளவுதான்.

2009இல் போர் முடிந்தது. அதற்குள் ஒரு குடும்பம் இருந்த வளவு நான்கு குடும்பங்களுக்குப் பங்காகியிருந்தது. மன்னார்ப் பக்கம் சிலாவத்துறையில் ஊர்க்காணியில் கடற்படை முகாம் அமைந்திருந்தது. மறிச்சுக்கட்டிப் பக்கம் ஆளில்லாத ஆண்டுகளில் காடு வளர்ந்திருந்தது. அதை வெட்டிக் குடியேறியபோது, வில்பத்து வனத்தை அழிக்கிறார்கள் என்று தெற்கில் கூச்சல். அரசின் கணக்கிலோ இவர்கள் ‘பழைய அகதிகள்’. கடைசிப் போரில் இடம்பெயர்ந்தவர்களுக்குப் பிறகுதான் இவர்கள் முறை என்றார்கள்.

பலர் வடக்கில் மீள்குடியேறப் பெயரைப் பதிந்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காகப் புத்தளத்திலேயே இருந்தார்கள். உதவிக்காக மட்டும் பதிந்தவர்கள் என்று அவர்களைச் சந்தேகிக்கும்போது எனக்கு மனம் நோகிறது. கூரையும் தொழிலும் உறுதியாகாத ஊருக்குப் பிள்ளைகுட்டிக்காரர் ஒரேயடியாக மூட்டை கட்ட முடியுமா?

பாதிப் பதில் வடக்கில் தங்கிய தமிழரிடம் இருக்கிறது. 2002 ஏப்ரலில் புலிகளின் தலைவர் பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும், முஸ்லிம்கள் ஊர் திரும்புவது பற்றிக் கிளிநொச்சியில் ஒப்பந்தம் செய்தார்கள். மேலிடத்துக் கையெழுத்தால் ஒழுங்கை திறந்துவிடவில்லை. ஒரு ஊரில் வாழ அயல் வேண்டும், கடைக்கு வாடிக்கை வேண்டும், பிரதேச செயலகத்தில் விண்ணப்பத்தை முகம் சுளிக்காமல் வாங்க ஆள் வேண்டும். ஆகவே இன்னொரு கேள்வியை, வாப்பாவின் கடை இருந்த இடத்தில் இன்று வியாபாரம் செய்பவரிடமும், அவரைப் போன்றவர்களின் வளவை மலிவாக வாங்கியவரிடமும் நாம் கேட்டாக வேண்டும்: அவர்கள் வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்?