தலைப்பு இல்லாத செலவு

மேட்டூர் அணையின் 16 கண் மதகைத் திறந்துவிட்டார்கள் என்றால் சுற்றுவட்டாரத்து ஜனங்களுக்கு அது ஒரு திருவிழா. பொரியும் சுண்டலும் விற்கிறவர்கள் எங்கிருந்துதான் மோப்பம் பிடித்துக்கொண்டு வருவார்களோ, அபாயச் சங்கு ஊதி ஓய்வதற்குள் கடை பரப்பிவிடுகிறார்கள். 2024ஆம் வருஷம் ஜூலைக் கடைசியில் நீர்மட்டம் 120 அடியைத் தொட்டு, உபரி நீர் வெளியேறத் தொடங்கியபோது நானும் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றேன். போலீஸ்காரர்கள் கயிறு கட்டியிருந்த இடத்துக்கு இப்பால் நின்றபோதே முகத்தில் சாரல் அடித்தது. அந்தக் காட்சியை இங்கே வர்ணிக்கப் போவதில்லை. என்றைக்காவது ஒரு நாவலுக்கு ஆகும் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.

என் பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் மதகைப் பார்க்கவில்லை. அதற்கும் கீழே, பாறைகளுக்கு நடுவில் தண்ணீர் சுழித்துத் திரும்பும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். பரிசல் போட்டு மீன் பிடிக்கிறவர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், நீங்க பேப்பர்காரருங்களா?" என்று கேட்டார். "இல்லை, கதை எழுதுகிறவன்" என்றேன். "கதைங்களா" என்று அவர் சொன்ன தொனியில் எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது உண்மை. ஆனால் என்னால் காரியம் ஒன்றும் ஆகாது என்று தெரிந்த பிறகுதான் அவர் மனம் விட்டுப் பேசினார்.

அவர் சொன்னது 2018 ஆகஸ்டில் நடந்தது. அந்த மாதம் அணையிலிருந்து வினாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போயிற்று. கன அடி என்றால் ஏறக்குறைய 28 லிட்டர். மீதியைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். கீழே, ஆற்றோரத்து ஊர் ஒன்றில் நெசவாளர் தெருவுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு யாரோ வந்து இவரை எழுப்பி, பரிசலை மினி லாரியில் ஏற்றி, இவரையும் மருமகனையும் அழைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். விடிகிற வரையில் தெருவுக்கும் மேட்டுக்குமாகப் பரிசல் போட்டார்கள். "எத்தினி நடைன்னு எண்ணலீங்க. ஒருத்தன், தறியில பாவு இருக்குது, அத உட்டுப்போட்டு வரமாட்டேன்னு அழுவறான். கையப் புடிச்சு இழுத்துத்தான் ஏத்துனேன்" என்றார். கடைசி நடையில், முழுகிக் கிடந்த ஒரு தகரக் கொட்டகையின் ஓரம் பரிசலின் அடியைக் கிழித்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து ஒரு விழா நடத்தி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சான்றிதழ் கொடுத்தார்கள். பரிசலைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. இவராகவே ஓர் ஆபீஸுக்குப் போய்க் கேட்டார். அங்கே இருந்த உத்தியோகஸ்தர் நல்ல மனுஷர்தான். நாற்காலியில் உட்காரச் சொல்லி, "பெரியவரே, நீங்க செஞ்சது பெரிய தொண்டு. ஆனா பரிசலுக்குப் பணம் கொடுக்க எங்ககிட்டத் தலைப்பு இல்லை" என்றாராம்.

"தலைப்புன்னா என்னங்க சார்?" என்று கிழவர் என்னைக் கேட்டார். நெசவாளர் ஊர்களுக்கு நடுவே வாழ்கிறவருக்குத் தெரிந்தது சேலைத் தலைப்பு. எனக்குத் தெரிந்தது கதைத் தலைப்பு. சர்க்கார் கணக்கில் ஒரு செலவை எழுத வேண்டுமானால் அதற்கு முன்கூட்டியே ஒரு பெயர் இருக்கவேண்டும், அதைத்தான் தலைப்பு என்கிறார்கள் என்று விளக்கினேன். அவர் சற்று யோசித்து, "உசுருன்னு எழுதிக்கலாமுங்களே" என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் விசாரித்தேன். தலைப்பு இருக்கிறது! 2004 டிசம்பர் 26ஆம் தேதி வந்த சுனாமிக்குப் பிறகு, 2005ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதையொட்டி ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு நிதி. தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு 100 ரூபாயில் 75 மத்திய சர்க்காரும் 25 மாநில சர்க்காரும் போடவேண்டும் என்பது ஏற்பாடு. தேடுதல், மீட்பு வேலைகளுக்கும், உயிர் காக்க எடுக்கும் படகுகளின் வாடகைக்கும் அதிலிருந்து செலவழிக்கலாம் என்று விதிப்பட்டியலிலேயே கண்டிருக்கிறது. ஆனால் அந்த ராத்திரி பரிசலை வரச்சொன்னது யார், எந்த இலாகா, எழுத்தில் உத்தரவு உண்டா? தன்னை எழுப்பியவரின் பெயர்கூடக் கிழவருக்குத் தெரியாது. பணம் ஓரிடத்தில் இருக்கிறது, பரிசல் ஓரிடத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஒரு காகிதம் இல்லை.

மேட்டூருக்குக் கீழே இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆற்றின் நடுவே ஜில்லா எல்லை ஓடுகிறது. பூலாம்பட்டி சேலம் ஜில்லா; எதிர்க்கரை நெருஞ்சிப்பேட்டை ஈரோடு ஜில்லா. குமாரபாளையமும் பள்ளிபாளையமும் நாமக்கல்லைச் சேர்ந்தவை. அக்கரையில் பவானியும் ஈரோடும். மதகு நீர்வளத் துறையினுடையது. முகாம் வருவாய்த் துறையினுடையது. கயிறும் ரப்பர் படகும் தீயணைப்பு மீட்புப் படையினுடையவை. தெரு நகராட்சியினுடையது. தண்ணீருக்கு மட்டும் இலாகா கிடையாது. அது எல்லா இலாகாவுக்குள்ளும் புகுந்து போகிறது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் பட்டாளம் அரக்கோணத்தில் இருக்கிறது. அங்கிருந்து புறப்பட்டு வந்து சேர அரை நாளாவது ஆகும். நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும்: எச்சரிக்கையில் குறை சொல்வதற்கில்லை. பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வளக் கமிஷன்காரர்கள் ஆற்றை அளந்து சொல்கிறார்கள். சங்கு ஊதுகிறது, ஜனங்களை எச்சரிக்கிறார்கள். 2018லும் 2022லும் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் ஜனங்களைத் தங்கவைத்துச் சோறு போட்டார்கள். சங்குக்கும் சோற்றுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு ராத்திரிதான் யாருடைய பொறுப்பு என்று தெரியாமல் கிடக்கிறது.

இதெல்லாம் கணக்கெழுதுகிறவர்களின் விவகாரம், உனக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எனக்கு உறுத்தியது கணக்கு அல்ல. அந்த உத்தியோகஸ்தர் சொன்ன 'தொண்டு' என்ற வார்த்தை. வெள்ளத்தில் அகப்பட்டவனைக் காப்பாற்றுவது தயவா, கடனா? தயவு என்றால் பொன்னாடை போதும். கடன் என்றால் பொன்னாடை போர்த்திக் கடனை அடைக்க முடியாது.

மழைக்கு யாரும் பொறுப்பல்ல, ஒப்புக்கொள்கிறேன். 1924 ஜூலையில் காவிரி பெருகி ஊர்களை அழித்தபோது மேட்டூரில் அணை கிடையாது. அதே மழையில் கேரளமும் முழுகியது. அங்கே இன்றும் அதைத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று கொல்லம் ஆண்டுக் கணக்கில் பேசுவார்கள். பத்து வருஷம் கழித்து, 1934 ஆகஸ்டு 21ஆம் தேதி, கவர்னர் ஸ்டான்லி பெயரால் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. அணை நிரம்பிய பிறகு வருகிற தண்ணீரை விட்டுத்தான் ஆகவேண்டும். விடாவிட்டால் அணைக்கே ஆபத்து. அந்த என்ஜினீயர் செய்வது சரியான காரியம். ஆனால் அணை வந்தபின் ஆறு மாறிவிட்டது. 2013ல் நிரம்பிய அணை மறுபடி நிரம்பியது 2018 ஜூலையில்தான். நடுவில் ஐந்து வருஷம் ஆறு சாதுவாகக் கிடந்தது. மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். வாடகை குறைவென்று விசைத்தறிக்காரன் கரையோரம் குடிவந்தான். அவன் நம்பியது ஆற்றை அல்ல, அணையை, அதாவது நம்மை. நம்பவைத்தவர்கள் ஒருநாள் மதகை உயர்த்தும்போது, கூடவே ஒரு பரிசலையும் அனுப்பக் கடமைப்பட்டவர்கள் என்பது என் கட்சி. மதகைத் திறப்பதற்கு ஆகிற செலவிலேயே அந்தப் பரிசலும் சேர்த்தி.

புறம்போக்கில் குடியிருக்கிறவனுக்கு என்ன பாத்தியதை என்று என் நண்பர் ஒருவர் சண்டைக்கு வந்தார். சங்கு ஊதிய பிறகும் செல்போனில் படம் எடுக்க இறங்கி மாட்டிக்கொள்கிற இளவட்டங்களைக் காப்பாற்ற வரிப்பணமா என்றும் கேட்டார். அந்த இளவட்டங்கள் மீது எனக்கும் கோபம்தான். கரைக்கு வந்த பிறகு இரண்டு அறை கொடுக்கலாம். கரைக்குக் கொண்டுவருவது வேறு விஷயம். அதே 2024 வெள்ளத்தில், உபரி நீர்ப் பாதையில் ஒரு பாறைத் திட்டில் நாய்கள் சில அகப்பட்டுக்கொண்டன. டிரோன் மூலம் அவற்றுக்குச் சாப்பாடு அனுப்பினார்கள். நீ ஏன் அங்கே போனாய் என்று நாயிடம் யாரும் கேட்கவில்லை. அந்த மனசு நம்மிடம் இருக்கத்தான் இருக்கிறது. நண்பர் அதற்குப் பதில் சொல்லவில்லை, காபியைக் குடித்தார்.

மீட்கப் போகிறவனே கூலி வேண்டாம் என்றால்? அதே 2018 ஆகஸ்டில் கேரளத்து மீனவர்கள் தங்கள் கடல் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு வந்தார்கள். 669 படகுகள், மீட்ட உயிர்கள் 65,000 என்று கணக்குச் சொன்னார்கள். அந்த சர்க்கார் படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும், சேதமான படகுக்குப் பழுது பார்க்கும் செலவும் தருவதாக அறிவித்தது. அவர்களில் சிலர், மனித உயிருக்குக் கூலி வாங்கமாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு முதலில் ஒரு தொகை நீட்டப்பட்டது என்பதையும் கவனிக்கவேண்டும். நம் கிழவருக்கு மறுக்கிற பெருமைகூடக் கிடைக்கவில்லை.

இங்கிலாந்தில் கடலில் தத்தளிப்பவர்களை மீட்கும் உயிர்காப்புப் படகுச் சங்கம் 1824 முதல் பெரும்பாலும் நன்கொடையிலும் தொண்டர்களாலும் நடக்கிறது. அதைக் காட்டி, சர்க்கார் எதற்கு என்று வாதிக்கலாம். ஆனால் அதே இங்கிலாந்தில் 2007 வெள்ளத்துக்குப் பிறகு ஆராய்ந்த பிட் அறிக்கை, வெள்ள மீட்புக்கு முழுதும் நிதி பெற்ற தேசிய ஏற்பாடு உடனே வேண்டும் என்றுதான் சொல்லியது.

அவ்வளவு தூரம் போவானேன்? வைகையில் வெள்ளம் வந்து கரை உடைந்தபோது பாண்டியன், வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்கவேண்டும் என்று பங்கு பிரித்தான். திட்டம் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. பிட்டு விற்கும் வந்திக் கிழவிக்கு ஆள் கிடையாது என்பது மட்டும் ராஜாவின் கணக்கில் ஏறவில்லை. கடைசியில் மண் சுமக்க வந்தவர் கடவுள். அவர்கூட உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டுதான் கூடையைத் தலையில் வைத்தார். சிறுவயதில் என் பாட்டி இதைச் சொல்லும்போது, சாமிக்கு எதற்குப் பாட்டி கூலி என்று கேட்டிருக்கிறேன். "வேலை வாங்கினால் கொடுக்கவேண்டாமா?" என்பாள். அவளுக்கு அதில் சந்தேகமே கிடையாது.

வெள்ளம் வராத வருஷத்தில் இந்தப் படகுகளும் ஆட்களும் சும்மா கிடக்குமே என்பது கடைசி ஆட்சேபம். நம் கிராமங்களில் நீர்க்கட்டிக்கு ஒவ்வொரு அறுவடையிலும் களத்தில் நெல் அளந்தார்கள். ஏரி உடைந்த வருஷத்துக்கு மட்டும் அளப்பது என்ற வழக்கம் இல்லை. மடையைத் திறக்க ஏரிக்குள் மூழ்கியவனைத்தான் மடையன் என்றார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. சொல்லாராய்ச்சி சரியோ தப்போ, அந்த வேலையைச் செய்தவனின் பெயர் வசவாகிவிட்டது என்பதை நம்ப எனக்குக் கஷ்டமாக இல்லை. 2021 முதல் 2026 வரைக்கென்று பதினைந்தாவது நிதிக் கமிஷன் வகுத்த கணக்கில், பேரிடருக்கு ஒதுக்கும் 100 ரூபாயில் முன்னேற்பாட்டுக்கும் பயிற்சிக்கும் 10 ரூபாய். கயிறு, லைஃப் ஜாக்கெட், படகோட்டிகளின் பெயர்ப் பட்டியல், அவர்களுக்கு வருஷந்தோறும் ஒரு படி, எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். வெள்ளத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்பது விதி. அது கொடுக்கவேண்டிய பணம்தான். அந்த 4 லட்சத்தில் எத்தனை பரிசல் வாங்கலாம் என்று ஒரு நாள் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிறகு வெட்கமாயிருந்தது, கிழித்துப் போட்டேன்.

அன்று பாலத்தருகே விடைபெறும்போது கிழவரிடம் கேட்டேன்: "மறுபடி யாராவது ராத்திரியில் வந்து எழுப்பினால் போவீர்களா?"

கேள்வியே அவருக்கு விளங்கவில்லை போலிருந்தது. "போவாம?" என்றார். பிறகு, "மருமவன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போயிட்டானுங்க. தனியா ரெண்டு நடைக்கு மேல கை தாங்காது. பரிசலுக்கும் தார் பூசோணும்" என்றார்.

பேத்திக்கு என்று பத்து ரூபாய்க்குப் பொரி வாங்கிக்கொண்டு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் போன ஒரு பையனைச் சத்தம் போட்டு இந்தப் பக்கம் வரவழைத்துவிட்டு, நடக்க ஆரம்பித்தார்.