வந்தியின் பங்கு

தம்பி தங்கைகளே, பிட்டுக்கு மண் சுமந்த கதையைச் சமய வகுப்பில் எல்லாரும் கேட்டிருப்பீங்க. சிவபெருமான் கூலியாளாக வந்தார், பிட்டு சாப்பிட்டார், பாண்டியனிடம் பிரம்படி பட்டார். சாமியையே பார்த்துக்கொண்டிருப்பதால் வந்தியம்மையை நாம் சரியாகப் பார்ப்பதில்லை. அந்தக் கிழவியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

வைகை கரையை உடைத்தபோது, அடைக்க வேண்டிய இடத்தை அளந்து ஆளுக்கொரு பங்கு கொடுத்தார்கள். வந்திக்கும் ஒரு பங்கு. 'பொம்பளை, வயசானவ, விட்டுடுங்க' என்று எந்தக் காவலனும் சொல்லவில்லை. அவளும் ஓடி ஒளியவில்லை. உதிர்ந்த பிட்டுதான் கூலி என்று பேசி ஆள் வைத்தாள். யோசித்துப் பார்த்தால் வந்தியும் ஒரு கான்ட்ராக்டர்தான்!

மண் சுமக்கிற வேலையில் பெண்ணுக்கு என்றைக்குமே விலக்கு இருந்ததில்லை. தமிழ்நாட்டில் கட்டட வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சித்தாள் என்று பெயர். செங்கல்லும் கலவையும் அவள் தலையில். கூட வேலைக்குச் சேர்ந்த பையன் சில வருஷத்தில் கரண்டியும் தூக்குக்குண்டும் பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான். அவள் 20 வருஷம் கழித்தும் பெரும்பாலும் சித்தாள்தான். சிங்கப்பூரில் சிவப்புத் துணியைத் தலையில் கட்டிய சம்சூய் பெண்கள், சீனாவிலிருந்து வந்து கட்டுமான இடங்களில் மண்ணும் கல்லும் சுமந்தார்கள். நம் பாட்டிமார் தோட்டத்தில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டி வாளி தூக்கினார்கள். அப்போதெல்லாம் 'இது பெண்ணுக்கு ஆகாது' என்று யாரும் தடுக்கவில்லை.

அந்தப் பேச்சு எப்போ வருது தெரியுமா? அவள் சுமையைக் கீழே வைத்துவிட்டுக் கருவியைக் கையில் எடுக்கும்போதுதான்.

எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு தங்கை, எஸ்.பி.எம். முடித்தவள், வயரிங் பயிற்சிக்கு மனு போட வேண்டும் என்கிறாள். அப்பாவுக்குச் சம்மதமில்லை. "நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவங்க என்ன சொல்வாங்க, சார்?" என்று என்னிடமே கேட்டார். அவர் கவலை முழுக்க வீண் என்று நான் சொல்லமாட்டேன். சைட்டில் பெண்களுக்குக் கழிவறை இருக்குமா, இருட்டிய பிறகு எப்படி வீடு திரும்புவாள்? கேட்க வேண்டிய கேள்விகள்தான். வேலை கொடுப்பவரிடம் கேட்போம். அதற்காக மகளின் மனுவைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதா?

மலேசியத் திறன் சான்றிதழில் மூன்று நிலை உண்டு. அதற்கு மேலே டிப்ளோமா, உயர்நிலை டிப்ளோமா. மின்வேலையில் எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வரைக்கும் போகலாம். தலைச்சுமைக்கு யாரும் சான்றிதழ் கொடுத்ததில்லை, பாருங்க.

'கைவேலை கௌரவமா?' என்று கேட்பவர்களைக் கோயிலுக்கு அழைத்துப் போய் அப்பர் பெருமானைக் காட்டுங்கள். அவ்வளவு பாடியவர் கையில் ஏந்தி நிற்பது உழவாரம்.

அடுத்த வாரம் அந்த அப்பாவோடு நானும் பயிற்சி நிலையத்தைப் பார்த்துவரப் போகிறேன். அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. "வந்து பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.